பால் பிராண்டும் மடங்கிய விரல்களும்: கைநரம்பு பற்றிக் கேள்வி பதில்

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபி பார்க்கிறேன். தொழுநோயாளிகளின் கைகளைப் பற்றி வேலூரில் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட் செய்த ஆராய்ச்சியை முன்பு குறிப்பிட்டிருந்தேன், கேள்விகள் நிறைய வந்துவிட்டன.

அக்கா, தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழுந்துவிடும் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். நிஜமா?

இல்லவே இல்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, கை மரத்துப்போகிறது, அவ்வளவுதான். அதன்பிறகு விரல் குறைவதெல்லாம் காயத்தால். சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், சுடாது. புண் வரும், வலிக்காததால் அதே கையோடு வேலை செய்வார்கள், சீழ் எலும்பு வரை போய்விடும். சிலருக்கு ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்திருக்கிறது, காலையில் பார்த்தால்தான் தெரியும். பிராண்டின் குழு இதைக் கண்டுபிடித்த பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். நோயின் மேல் போட்ட பழியை இப்படி ஒவ்வொரு புண்ணாகக் காரணம் தேடித்தான் அவர் நீக்கினார். எனக்கு அவருடைய ஆபரேஷன்களைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

இந்த வேலைக்குள் அவர் எப்படி வந்தார்?

1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், லண்டனில் படித்துவிட்டு 1946-இல் வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேன் அவரை அழைத்தார். அங்கே விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார், அந்த நோயாளி அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. முன்கைத் தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன, உள்ளங்கையின் சின்னத் தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன என்று அப்போதே புரிந்துகொண்டார்.

நரம்பு போனது போனதுதான் என்றால் ஆபரேஷன் எதற்கு?

நல்ல கேள்வி. தொழுநோய் முக்கியமாக முழங்கைக்கு அருகே அல்நார் நரம்பையும் (சுண்டுவிரல் பக்கத்து நரம்பு), மணிக்கட்டுக்கு அருகே மீடியன் நரம்பையும் (கட்டைவிரல் பக்கத்து நரம்பு) பிடிக்கும், மணிக்கட்டைத் தூக்க உதவும் ரேடியல் நரம்பு பெரும்பாலும் தப்பித்துவிடும். விரலை அடியில் மடக்கி நுனியில் நீட்டுவது உள்ளங்கையின் அந்தச் சின்னத் தசைகளின் வேலை. அவை போனால் அடிமூட்டு பின்னால் சாய்ந்து, நடுமூட்டும் நுனிமூட்டும் சுருண்டுவிடும், சோற்றைக் கூட்டி எடுக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. நான்கு விரல்களிலும் மடக்குவதற்கு இரண்டிரண்டு தசைநாண்கள் உண்டு, அதில் ஒன்றைக் கடன் வாங்கி, பிரித்து, அடிமூட்டுக்கு முன்பக்கமாக ஓட்டி, விரலின் மேற்புறத்தில் இணைப்பார்கள். மூன்று வாரக் கட்டைப் பிரித்ததும் எங்கள் வேலை ஆரம்பம். ஒரு வேலைக்குப் பழகிய தசையை மூளை வேறு வேலைக்குப் பழக்க வேண்டும், முதலில் தசை இழுக்கும், விரல் எங்கோ போகும், அப்புறம் ஒருநாள் அடிமூட்டு மடங்கி நுனி நேராக நிற்கும். ஆனால் உணர்ச்சி திரும்பாது, அதனால் கண்ணால் பார்த்துத்தான் கையைக் காப்பாற்ற வேண்டும்.

என் தம்பிக்குக் கண்ணாடி குத்தி மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்து இரண்டு மாதம் ஆகிறது. சுண்டுவிரலில் ஒன்றுமே தெரியவில்லை.

பயப்படாதீர்கள், இது வேறு கதை. அறுந்த நரம்பு உடனே வேலை செய்யாது, வெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள இழை அழிந்துவிடும், புதிய இழை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்று வளர்ந்து போக வேண்டும். நரம்பு போகும் வழியில் விரலால் தட்டிப் பாருங்கள், சுருக்கென்று மின்சாரம் போலத் தெரியும் இடம் மாதாமாதம் விரல் பக்கம் நகர்ந்தால் நல்ல அறிகுறி. நகரவே இல்லையென்றால் சும்மா காத்திருக்காமல் தைத்த சர்ஜனிடம் போங்கள், ஏனென்றால் ஒரு வருடம் ஒன்றரை வருடம் நரம்பு வராமல் கிடந்த தசை அப்புறம் எழுந்திருப்பது கடினம். அதுவரை அடுப்பு, பைக் சைலன்சர் எதற்கும் அந்தக் கை போகக் கூடாது.

நரம்பு இரண்டு முனையும் சேரவில்லை என்றால்?

இழுத்துத் தைக்கக் கூடாது. பெரும்பாலும் கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து ஓர் உணர்ச்சி நரம்பை எடுத்து நடுவில் வைப்பார்கள். பாதத்தின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும், நடப்பதற்குக் குறையில்லை.

எங்கள் அப்பாவுக்குத் தோலில் உணர்ச்சியில்லாத வெளிர் படை இருக்கிறது, இப்போது சுண்டுவிரலும் மடங்க ஆரம்பித்திருக்கிறது.

இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தொழுநோயாக இருந்தால் கூட்டு மருந்து இலவசம். நரம்பு வீங்கியிருந்தால் அதற்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள், பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன், அதனால் தள்ளிப்போடாதீர்கள். விரல் முழுக்க மடங்கும் முன் போய்விட்டால் ஆபரேஷனே தேவைப்படாமலும் போகலாம்.