தொலைவிலிருந்து லினக்ஸ் சர்வரைக் கண்காணித்தல்: கேள்வி பதில்

கேள்வி: வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது. அளவுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா இரண்டையும் அதிலேயே நிறுவிவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். சர்வர் படுத்துவிட்டால் கண்காணிப்பும் கூடவே படுத்துவிடும். எச்சரிக்கை அனுப்ப எதுவும் மிஞ்சாது. அந்தச் சர்வரில், அதன் அளவுகளை எடுத்துத்தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் மட்டும் ஓடட்டும். புரோமிதியஸ் வேறோர் இயந்திரத்தில் இருந்துகொண்டு எண்களைக் கேட்டு வாங்கும். பதில் வராவிட்டால் ‘அப்’ என்ற அளவு 0 ஆகிவிடும். நீங்கள் எழுதவேண்டிய முதல் எச்சரிக்கை விதி அதுதான்.

கேள்வி: அப்படியென்றால் நோட் எக்ஸ்போர்ட்டர் பதில் சொல்லும் 9100 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டுமே?

பதில்: கூடவே கூடாது! நீங்களாக அமைக்காதவரை நோட் எக்ஸ்போர்ட்டர் கடவுச்சொல் எதுவும் கேட்காது. கெர்னல் பதிப்பு, டிஸ்க்குகள், நெட்வொர்க் கார்டுகள் என்று சர்வரின் ஜாதகத்தையே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடும். இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட தனிவழியை (விபிஎன்) அமைத்து, அதன் உள்முகவரியில் மட்டும் 9100 இயங்கச் செய்யுங்கள். வெளியே திறக்கவேண்டியது வயர்கார்டின் யுடிபி போர்ட் ஒன்றுதான், வழக்கமாக 51820. சாவி பொருந்தாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. ஒன்றை மறக்காதீர்கள்: சர்வர் ரீபூட் ஆகும்போது வயர்கார்டுக்கு முன்பே நோட் எக்ஸ்போர்ட்டர் எழுந்தால், முகவரி கிடைக்காமல் நின்றுவிடும். எது முன், எது பின் என்பதை, நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் அமைப்பில் எழுதிவையுங்கள்.

கேள்வி: ரேம் எப்போதும் நிரம்பியே காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: ‘ஃப்ரீ’யைப் பார்க்காமல் ‘அவெய்லபிள்’ அளவைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளை கேஷ் செய்து வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும்.

கேள்வி: டிஸ்க்கில் 40 ஜிபி காலி. ஆனாலும் ‘இடமில்லை’ என்று பிழை வருகிறது.

பதில்: ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால், இடமிருந்தும் புதிய கோப்பு எழுத முடியாது. நோட் எக்ஸ்போர்ட்டர் இந்த எண்ணையும் தருகிறது.

கேள்வி: சிபியு 90 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வைத்தேன். இரவெல்லாம் குறுஞ்செய்தி.

பதில்: அந்த விதியை எடுத்துவிடுங்கள். பேக்கப் ஓடினால் சிபியு உழைக்கத்தானே செய்யும்? எழுந்துபோய் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் மட்டுமே உங்களை எழுப்ப வேண்டும். டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைவிட எப்போது நிரம்பும் என்பதைக் கேளுங்கள். கடந்த 6 மணி நேரப் போக்கை வைத்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் தீருமா என்று புரோமிதியஸின் ‘பிரெடிக்ட் லீனியர்’ செயல்பாடு கணக்கிட்டுச் சொல்லும்.

கேள்வி: பழைய அளவுகள் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: புரோமிதியஸின் அமைப்பை மாற்றாவிட்டால் 15 நாள்.