சீரியல் பார்ப்பவர்கள் அப்படி எதைத்தான் ரசிக்கிறார்கள்? நல்ல நகைச்சுவைத் தொடர்கள் இப்போது ஏன் வருவதில்லை?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு விளக்கமும் போட்டிருக்கிறார். வீட்டில் அம்மா இரவு முழுக்க சீரியல்தான் பார்க்கிறாராம். ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் எப்படிச் சகிக்கிறார்கள், சிரிக்க வைக்கும் தொடர்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்கிறார். தம்பி (தங்கையாகவும் இருக்கலாம்), வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்காரும்போது ரிமோட் கைக்குக் கிடைக்காத கடுப்பில் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். கடுப்பு நியாயம்தான். ஆனால் அந்தக் "சகிக்கிறார்கள்" என்பதில் ஒரு ஏளனம் இருக்கிறதே, அதற்காகத்தான் நேரம் ஒதுக்கி எழுதுகிறேன்.

நான் கொழும்பில், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறேன். பகலில் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை, இரவில் குசினி. எங்கள் வீட்டில் ரீவிக்கு முன்னால் உட்காருவது மாமி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே சத்தம் காலி வீதி வரைக்கும் போகும். அதனால் என்னைச் சீரியல் பார்ப்பவள் என்று சொல்ல முடியாது, கேட்பவள் என்றுதான் சொல்ல வேண்டும். தேங்காய் திருவிக்கொண்டு, இடியப்பம் பிழிந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் அத்தனை குடும்பச் சண்டைகளையும் காதாலேயே தொடர்ந்து வந்திருக்கிறேன். பார்க்காமல் விமர்சனம் செய்ய உனக்கு என்ன தகுதி என்று யாராவது வரலாம். வரட்டும். படத்தை விட்டுவிட்டுக் கேட்டுப் பாருங்கள், எழுதியவருக்கு எழுதத் தெரியுமா தெரியாதா என்பது இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மோசமான எபிசோட் ஒன்று குசினியில் எப்படிக் கேட்கும் என்று சொல்கிறேன். மருமகள், "அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது நான்தான்" என்கிறாள். உடனே இடி. பிறகு வயலின். பிறகு அதே வாக்கியம் இன்னொரு தரம், இன்னொரு இடி. அதற்குப் பிறகு பேச்சே இல்லை, ஊதலும் முழக்கமும்தான். என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் கமரா ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருக்கும். மாமனார், மைத்துனர், மைத்துனர் மனைவி, கடைசியில் தண்ணீர்ச் செம்போடு கதவடியில் நிற்கும் வேலைக்காரப் பெண் வரைக்கும். நான் ஒரு கட்டு வல்லாரை ஆய்ந்து முடித்திருப்பேன், அந்த வீட்டில் ஒருத்தர் வாயைத் திறந்திருக்க மாட்டார். அடுத்த நாள் எபிசோட் எங்கே தொடங்கும் என்று நினைக்கிறீர்கள்? அதே கையெழுத்தில்தான்.

இந்த அரைமணி நேரத்தைச் சகிப்பது கஷ்டம் என்றால் முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தொடரையும் இதில் சேர்க்காதீர்கள். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்த மெட்டி ஒலி அழுகைத் தொடர்தான், மறுக்கவில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார் கத்தாமல் பேசுவார். பெண்கள் ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பேசுவார்கள். மூத்தவளா கடைசியா என்று குசினியில் நின்றே சொல்லலாம். அதை இயக்கிய திருமுருகன் அதற்குப் பிறகு எடுத்த நாதஸ்வரத்தில் 1000வது எபிசோடை 2014இல் நேரடி ஒளிபரப்பாகவே செய்தார்கள். எனக்கு அதில் பிடித்தது சாதனை அல்ல. நேரடி என்பதால் ஒரே முகத்தை மூன்று தரம் திருப்பிக் காட்ட வழியில்லை, ஆட்கள் பேசித்தான் தீர வேண்டும். தினமும் அப்படி எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேசினாலே கதை நகரும் என்பது தெரிந்த பிறகும் ஏன் முழக்கத்துக்கே திரும்பிப் போனார்கள் என்றுதான் கேட்கிறேன்.

எதிர்நீச்சல் இன்னொரு உதாரணம். கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் இதையும் எடுத்தார், 2022இல் தொடங்கியது. இரவு ஒன்பதரைக்கு ஆதி குணசேகரன் "ஏ இந்தாம்மா" என்று கூப்பிட்டால் எங்கள் குசினியில் கரண்டி நிற்கும். குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனிப் பக்கத்துக்காரர், அந்தப் பேச்சு நடிப்புக்காகப் பழகி வந்தது அல்ல. வீட்டுப் பெண்களை மிதிக்கிற ஒரு ஆளுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் அந்தப் பாத்திரத்தின் மேல் அன்பு கிடையாது. அவன் என்ன சொன்னாலும் உடனே ஒருத்தி திருப்பிச் சொல்வாள், அதற்குத்தான் நான் காது கொடுத்தேன். நந்தினி சமையலறையில் முணுமுணுக்கும் ஒரு வரி, ஒரு முழு நகைச்சுவை நிகழ்ச்சிக்குச் சமம். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி மாரிமுத்து மாரடைப்பால் இறந்துபோனார். அன்று காலையிலும் இதே தொடருக்கு டப்பிங் பேசப் போயிருந்தாராம். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் நாளே மாமி சத்தத்தைக் குறைத்துவிட்டார். காது மந்தமான மனுசி! அதற்குப் பிறகு தொடர் தொலைந்துபோன பத்திரத்தையும் ஆள் கடத்தலையும் நம்பி ஓடியது, 2024 ஜூனில் முடித்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியிலேயே "தொடர்கிறது" என்று பெயரில் சேர்த்து மறுபடி ஆரம்பித்தது வேறு கதை.

இழுவையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு எங்கள் நாட்டில் ஒரு இலவசப் பரிசோதனையே நடந்தது. 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆங்கில எழுத்துக் கொடுத்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு இருட்டு என்று பட்டியல் விடுவார்கள். மாமியின் சீரியல் நேரம் வாரத்தில் பாதி நாள் இருட்டில் போனது. கரண்ட் வந்த இரவுகளில் உட்கார்ந்தால் கதை விட்ட இடத்திலேயே நிற்கும், மாமிக்கு அதில் பெரிய ஆறுதல். இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது, அந்த நேரத்தில் எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழு ஜெனரேட்டர் என்று சொல்லி வீட்டுக்கு வீடு காசு வாங்கியது. ஜெனரேட்டர் வந்தது உண்மை. அது படிக்கட்டு விளக்கை எரித்தது, கீழே வாகனம் நிறுத்தும் இடத்தைப் பகல்போல் ஆக்கியது. லிஃப்டுக்கு வலு காணாது என்றார்கள். முழங்கால் வருத்தக்காரியான என் மாமி கிளினிக் போகும் நாளில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு நாற்காலி போட்டு இருந்து இருந்து ஏறினார். கணக்கு காட்டச் சொல்லிக் கேட்டால் இன்றைக்கும் "அடுத்த கூட்டத்தில்" என்பதுதான் பதில். நான் கணக்கு எழுதுபவள், என்னிடமே இந்தப் பதில்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, நகைச்சுவைக்கு வருகிறேன். பாலச்சந்தரின் நிறுவனத்துக்காக நாகா இயக்கிய ரமணி வெர்சஸ் ரமணி இப்போதும் யூடியூபில் கிடக்கிறது. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி, ஒரு சாதாரண வீட்டுச் சண்டை. ஒரு எபிசோடை எடுத்தால் அந்த எபிசோடுக்குள்ளேயே சண்டை மூண்டு முடிந்துவிடும். பகிடிக்காக யாரும் வழுக்கி விழுவதில்லை. அவர் ஒன்று சொல்ல, அவள் அதைப் பிடித்துக்கொள்ள, அப்படியே ஏறும். லொள்ளு சபா இந்தக் கணக்கில் வராது, அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். சினிமாவைக் கிண்டல் செய்வது கண்ணுக்கான வேலை, மனோகர் கையை ஆட்டுவதைக் காதால் கேட்க முடியாது. ஆகவே என் காது வைத்தியம் எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. பின்னூட்டத்தில் அதற்கென்றே யாரும் வர வேண்டாம்.

இப்போது வருகிற மேடை நகைச்சுவைகளைக் குசினியில் கேட்டால் என்ன கேட்கும் தெரியுமா? நடுவர்கள் சிரிப்பதுதான். ஒரு ஆள் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்ற உடனேயே சிரிக்கிறார்கள், இன்னும் வாய் திறக்கவில்லை. எழுதுகிறவருக்கு இது எவ்வளவு வசதி! எழுதவே தேவையில்லை.

எங்கள் ஊரில் இந்த வேலையை வானொலியில் செய்து காட்டியிருக்கிறார்கள். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த கோமாளிகள் எனக்கு முந்திய காலம், அப்பா குரல் மாற்றி நடித்துக் காட்டித்தான் தெரியும். மரிக்கார் ஒரு தமிழ், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களம் கலந்த தமிழ், ஐயருக்கு இன்னொரு தமிழ். வாய் திறந்தால் ஆள் தெரியும். அது அவ்வளவு ஓடியதால் 1976இல் படமாகவும் எடுத்தார்கள். சிங்களத்தில் சுயாதீன தொலைக்காட்சி 1987இல் தொடங்கிய கோப்பி கடேயும் அப்படித்தான். ஒரு கிராமத்துக் கோப்பிக் கடை, வருகிறவர் போகிறவர் பேச்சு, அவ்வளவுதான் நாடகம். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு உட்கார்ந்து பார்ப்பேன். என் சிங்களம் அப்போது பாதிதான், ஆனாலும் யார் எப்படிப்பட்ட ஆள் என்று குரலிலேயே விளங்கிவிடும்.

தமிழில் இங்கே அப்படி எடுக்க ஆளில்லையா என்று கேட்பீர்கள். ஆளுண்டு, மேடையில் பார்க்கிறேன். காசு போட ஆளில்லை. சக்தி டிவி 1998இல் வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், இந்தியத் தொடரை வாங்கிப் போடுவது எப்போதும் மலிவாகத்தான் இருந்திருக்கிறது. விளம்பரம் கொடுப்பவரும் அதற்குத்தான் கொடுக்கிறார். வியாபாரக் கணக்காகப் பார்த்தால் எனக்கே அது விளங்குகிறது, அதனால் யாரையும் துரோகி என்று திட்டப் போவதில்லை. ஆனாலும் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நிற்கும் பத்து நிமிடத்தில் காதில் விழுகிற பேச்சை ஒருவர் எழுதி எடுத்தால் ஒரு எபிசோட் ஆகும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன்.

அம்மாவைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று கவனியுங்கள். எந்த ஆள் பேசும்போது அவர் ரிமோட்டைத் தேடுகிறார், எந்தக் கட்டத்தில் போனை எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். அவர் எல்லாவற்றையும் ஒரேமாதிரி பார்க்கவில்லை என்பது தெரியும். எங்கள் மாமி இப்போதைக்குச் சத்தத்தைக் கூட்டுவது விளம்பரம் வரும்போதுதான். அதில்தான் ஆட்கள் ஒழுங்காகப் பேசுகிறார்களாம்.