எங்கள் தெருவில் வீடற்றோர் காப்பகம் வரப்போகிறதாம். எதிர்த்து மனு கொடுக்கலாமா?

நீங்கள் சொந்த வீட்டுக்காரர், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். 'உன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்' என்று கருத்தில் எழுதப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எந்தக் கட்சியும் இல்லை, தொண்டு நிறுவனமும் இல்லை. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்.

எங்கள் கடைவாசலில் ராத்திரி படுப்பவர்களில் பாதிப் பேர் ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து, கையிலிருந்த பணத்தை லாட்ஜுக்கே கொடுத்து முடித்தவர்கள். எல்லாரையும் 'பிச்சைக்காரன், குடிகாரன்' என்றால் எனக்குக் கோபம் வரும். சரி, குடிப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

வாடிக்கையாக ஒரு ஆயா படுக்கும். ஆதார் நகலை பிளாஸ்டிக் கவரில் சுற்றி முந்தானையில் முடிந்து வைத்திருக்கும். நான் ஷட்டர் தூக்குவதற்குள் சாக்கை மடித்து, படியைப் பெருக்கிவிட்டுப் போய்விடும். யாரோ அதை வேறொரு ஊர்க் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஏன் ஆயா என்றேன். "ராவுல கேக்க ஆளில்ல நைனா. குடிச்சிட்டு வந்து கால மிதிக்கிறானுங்க. இங்கயாவது ஆஸ்பத்திரி வெளிச்சம் இருக்குது."

அதனால்தான், காப்பகம் வேண்டாம் என்று எங்கள் தெருவிலும் போட்ட கூட்டத்தில் 'நம்ம வரிப்பணம்' என்று கத்தியவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2013-இல் வந்த மத்திய அரசு விதிமுறையில் ஆளுக்கு 50 சதுர அடி என்றுகூட இருந்தது. ஆனால் நடத்தும் செலவுக்கான உதவி 5 வருஷத்துக்குத்தான் என்றும் அதில் இருந்தது. அப்புறம் உள்ளாட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி காப்பாளர் சம்பளத்துக்கு அங்கேதான் அடி விழும். ஆள் இல்லாத காப்பகம் வந்தால், நீங்கள் பயப்படுவது நடக்கத்தான் செய்யும்.

கட்டிடத்துக்கு மட்டும் பணம் எப்படியோ வந்துவிடுகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருப்பதில்லை. எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டினார்கள். மூடிய மண் அப்படியே கிடந்தது. தூசி மெஷினுக்குள் போய், டிரம்மில் கோடு விழுந்து, எடுக்கிற காப்பியெல்லாம் கறுப்புக் கோடு. யாரிடம் கேட்பது? அதற்கு ஒரு மனு போட்டார்களா இந்தத் தெருக்காரர்கள்?

நீங்கள் கூட்டத்துக்குப் போனால் ஆறாவது வருஷச் சம்பளம் யார் தருவார்கள், பெண்களுக்குத் தனி அறை உண்டா, ராத்திரி சண்டை வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஆட்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எதிர்ப்பு மனுவுக்கு நகல் எடுக்க மட்டும் என் கடைக்குத்தான் வந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன், கறுப்புக் கோட்டோடு. காசும் வாங்கிக்கொண்டேன்.