நூறு விண்ணப்பம் போட்டும் பதில் இல்லையே!

கேள்வி: திண்டுக்கல்லில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூ வருவது அபூர்வம். ஆன்லைனில் நூறு இடங்களுக்கு மேல் பயோடேட்டா அனுப்பியும் பதில் இல்லை. ரூ.15,000 கட்டினால் கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலை உறுதி என்கிறது ஒரு கன்சல்டன்சி. கட்டலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்குக் கம்பெனிதான் காசு கொடுக்க வேண்டும். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் தரலாம், அவ்வளவுதான்.

அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வருகிற எல்லா பயோடேட்டாவிலும் ‘டேலி, எக்ஸெல் தெரியும்’ என்றே இருக்கிறது. அதை வைத்து யாரைக் கூப்பிடுவது? பில் கட்டைக் கையில் கொடுத்தால் தப்பில்லாமல் என்ட்ரி போடுவீர்களா என்பதுதான் வேலை தருபவர்களுக்குத் தெரிய வேண்டும். நேர்காணலிலும் அதையே கிளறுவார்கள். மாநிலத்துக்குள்ளேயே, மதுரைக்கு விற்றால் மத்திய, மாநில வரிகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வெளிமாநிலமான பெங்களூருவுக்கு விற்றால் ஐஜிஎஸ்டி. இதைப் பலரும் சொல்லிவிடுவார்கள். தடுமாறுவது ஜிஎஸ்டிஆர்-2பி என்ற ஜிஎஸ்டி தளப் பட்டியலில்தான். சரக்கு கொடுத்தவர் தாக்கல் செய்த பில்கள் அதில் வரும். அதை நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைப் பிடிக்க வேண்டும். கோட்டைவிட்டால், வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் எடுப்பதில் சிக்கல். எக்ஸெல்லில் இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்க்க விலுக்அப் (VLOOKUP) போட்டால் பாதி பில்கள் பொருந்தாமல் நிற்கும். ஓர் இடத்தில் 0045, இன்னோர் இடத்தில் 45 என்று பில் எண்ணை அடித்திருப்பார்கள். அல்லது ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பழகச் செலவில்லை. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின், பழகுவோருக்கான எஜுகேஷனல் மோடு இலவசம். மாதத்தில் ஒருசில தேதிகளில்தான் என்ட்ரி ஏற்கும், பழக அது போதும். கற்பனையாக ஒரு மளிகைக் கடையை வைத்து, ஒரு மாதத்துக்கு 50 கொள்முதல் பில், 50 விற்பனை பில் போடுங்கள். அந்தக் கடைக்குக் கற்பனையாகவே ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட் எழுதி, அதோடு ஒத்துப்பாருங்கள். பிறகு பயோடேட்டாவில் ‘டேலி தெரியும்’ என்பதை அடித்துவிட்டு, செய்ததை இரண்டு வரியில் எழுதுங்கள். ஒரே பக்கம், பிடிஎஃப், கோப்புக்கு உங்கள் பெயர். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம்; சான்றிதழ் சரிபார்ப்பில் எப்படியும் தெரிந்துவிடும்.

ஆன்லைனை மட்டும் நம்பாமல் நேரில் போங்கள். ஊரிலேயே ஆடிட்டர் ஆபீஸ்கள் இருக்கின்றன. சுற்றிலும் நூற்பாலைகள், ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டிகள். ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். மாதாந்திரத் தாக்கலில், விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, வரிக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி. அதற்கு முந்தைய நாட்களில் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். 21க்கு மேல் போங்கள்.

ஆடிட்டர் ஆபீஸில் சம்பளம் குறைவுதான். மில்லில் அதைவிட அதிகம் கிடைக்கலாம். ஆனால் அங்கே வருஷம் முழுக்க ஒரே ரிஜிஸ்டரைப் பார்க்க நேரும். முதல் வேலைக்கு ஆடிட்டர் ஆபீஸ்தான் என் தேர்வு. பத்து விதமான வியாபாரத்தின் கணக்கு ஒரே மேஜைக்கு வரும்.

இடையில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கும் போய் வாருங்கள், கட்டணம் கிடையாது. எங்கே சேர்ந்தாலும், பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அது முடிந்ததும் சம்பளம் என்ன, பி.எஃப். உண்டா, இத்தனை காலம் விலகக் கூடாது என்கிற பாண்டு இருக்கிறதா என்பதை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுத்தாகப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.