குரோவேஷிய மொழியில் செயப்பாட்டு வினையை எப்படி அமைப்பது, எங்கே பயன்படுத்துவது?

கேட்டிருப்பவர் வேலைக்காகக் குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெப் போகப்போகிறவர். ஆங்கிலவழிப் புத்தகம் ஒன்றை வைத்துக் குரோவேஷியன் படிக்கிறார். "இந்தச் செயலி எங்கள் குழுவால் உருவாக்கப்பட்டது" என்பது போன்ற வாக்கியங்களை எழுதிக் காட்டினால் ஆசிரியர் அவற்றைக் கோடு போட்டு அடித்துவிடுகிறாராம். இலக்கணப்படி சரியாக இருந்தும் ஏன் அடிக்கிறார் என்று கேட்கிறார்.

நான் ஸ்ப்லித் நகரில் ஆறு வருடமாக ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். மொழியை முதலில் காதால் கற்றுக்கொண்டு, பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். குரோவேஷியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி கொஞ்சம் முன்பின் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மொழியில் செயப்பாட்டு இரண்டு வகை. 'இரு' என்று பொருள்படும் 'பித்தி' என்ற வினையோடு செயப்பாட்டு எச்சத்தை, அதாவது நம் 'எழுதப்பட்ட' போன்ற வடிவத்தை, சேர்ப்பது ஒன்று. வினையோடு 'ஸே' என்ற சின்னச் சொல்லைச் சேர்ப்பது இன்னொன்று. எதை எங்கே போடுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். நான் தடுமாறியது ஒரு வாடகை அறை விஷயத்தில்.

வந்த புதிதில் அறை தேடிக்கொண்டிருந்தேன். கோடை நெருங்கினால் ஸ்ப்லித்தில் அறைகளெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்விடும், அதனால் அவசரம். ஒரு வீட்டு வாசலில் ஒட்டியிருந்த தாளைத் தோழி படம் எடுத்து அனுப்பினாள். 'ஸோபா யே இஸ்னாய்ம்ல்யெனா' என்று எழுதியிருந்தது. 'ஸோபா' என்றால் அறை. 'யே' என்பது 'பித்தி'யின் நிகழ்கால வடிவம் என்று படித்திருந்தேன். ஆகவே "அறை வாடகைக்கு விடப்படுகிறது" என்று எடுத்துக்கொண்டேன். போனில் பேசும் அளவுக்கு மொழி வராததால் பஸ் பிடித்து நேரிலேயே போய்விட்டேன். வீட்டுக்கார அம்மாள் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, தாளைக் காட்டி, "இதற்கு அர்த்தம் அறை போய்விட்டது என்பது. காலியாக இருந்தால் 'இஸ்னாய்ம்ல்யுயே ஸே' என்று எழுதியிருப்பேன்" என்றார். அவரை இன்றும் தேத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். அத்தை என்று பொருள், வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

தேத்தா சொன்னதுதான் அடிப்படை விதி. 'யே'யும் எச்சமும் சேர்ந்தால், அதுவும் முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும் வினையாக இருந்தால், காரியம் முடிந்துவிட்டது என்று பொருள். 'க்ஞிகா யே நாப்பிஸானா' என்றால் புத்தகம் எழுதப்பட்டுவிட்டது. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் 'க்ஞிகா ஸே பிஷே'. வீட்டுக்கும் இப்படியே: கட்டி முடித்தது 'கூச்சா யே ஸகிராஜெனா', கட்டிக்கொண்டிருப்பது 'கூச்சா ஸே கிராதி'. கடைத் தெருவில் 'ப்ரொதாயே ஸே' என்று பார்த்தால் விற்பனைக்கு இருக்கிறது, 'ப்ரொதானோ' என்று பார்த்தால் விற்றாகிவிட்டது.

இப்போது எச்சத்தை உருவாக்கும் விதம். இதில் தமிழருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, எந்தப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை. '-ஆத்தி' என்று முடியும் வினைகள் சுலபம். எழுதுதல் 'பிஸாத்தி', எழுதப்பட்டது 'பிஸான்'. சமைத்தல் 'கூஹாத்தி', சமைக்கப்பட்டது 'கூஹான்'. சிக்கல் '-இத்தி' என்று முடியும் வினைகளில். அவற்றில் '-என்' சேரும்போது முன்னால் இருக்கும் மெய் மாறிவிடும். பணம் கட்டுதல் 'பிளாத்தித்தி', கட்டப்பட்டது 'பிளாச்சென்'. கட்டடம் கட்டுதல் 'கிராதித்தி', அது 'கிராஜென்' ஆகும். நிரப்புதல் 'பூனித்தி', அது 'பூஞென்' ஆகும். என்னோடு படித்த மற்ற நாட்டவர்கள் இதை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தார்கள். எனக்கோ எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. 'படித்தேன்' என்பதைப் 'படிச்சேன்' என்கிறோம். 'தெரிந்தது' நம் வாயில் 'தெரிஞ்சது' ஆகிறது, 'ஐந்து' 'அஞ்சு' ஆகிறது. இகரமோ ஐகாரமோ பக்கத்தில் இருந்தால் பல் ஒலி அண்ண ஒலியாக மாறுகிறது. அங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான்: த்த ச்ச ஆகிறது, த ஜ ஆகிறது, ன ஞ ஆகிறது. நம் வாய்க்கு ஏற்கெனவே பழக்கமான பாதை. ப, வ, ம வரும் வினைகளில் மட்டும் ஒரு 'ல்ய' நுழையும், அதைத் தனியாகப் பழக வேண்டும். வாங்குதல் 'கூப்பித்தி', வாங்கப்பட்டது 'கூப்ல்யென்'. என் அறைத் தாளில் இருந்த 'இஸ்னாய்ம்ல்யெனா'வும் இந்த வகைதான். '-த்' என்று முடியும் சிறு கூட்டமும் உண்டு. கழிப்பறைக் கதவில் 'ஸாவுஸெத்தோ' என்று இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள்.

இந்த எச்சங்களைப் பழகச் சிறந்த பாடப்புத்தகம் உணவகத்தின் மெனு அட்டை. நான் அங்கேதான் கற்றேன். 'பூஞெனே பாப்ரிக்கே' என்றால் உள்ளே இறைச்சியும் அரிசியும் நிரப்பிய குடைமிளகாய். 'ப்ர்ஜெனே லிக்ஞே' பொரித்த கணவாய். 'பெச்செனா ரீபா' சுட்ட மீன். 'மியெஷானா ஸலாத்தா' கலந்த சாலட். குளிர்காலத்தில் தெருவோரம் விற்கும் 'கூஹானோ வீனோ' மசாலா போட்டுக் காய்ச்சிய ஒயின். ஈற்றைக் கவனியுங்கள், பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. ரீபா பெண்பால், அதனால் 'பெச்செனா'. வீனோ அலிப்பால், அதனால் 'கூஹானோ'. ஆளைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான். நான் 'ரோஜெனா ஸம் உ இந்தியி' என்பேன், இந்தியாவில் பிறந்தேன் என்று பொருள். ஆணாக இருந்தால் 'ரோஜென் ஸம்' என்று சொல்ல வேண்டும்.

இந்த எச்சத்துக்கு அவர்கள் இலக்கணம் வைத்திருக்கும் பெயரில் 'த்ர்ப்னி' என்ற சொல் வருகிறது. தாங்குதல், துன்பப்படுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. நாமும் செயப்பாட்டுக்குப் 'படு' என்பதைத்தானே வைத்திருக்கிறோம்? இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

காலங்களை ரொம்ப யோசிக்க வேண்டாம். எதிர்காலத்துக்குச் 'ச்சே பித்தி' சேர்த்தால் போதும்: 'மோஸ்த் ச்சே பித்தி ஒத்வோரென்', பாலம் திறக்கப்படும். அன்றைக்கு இருந்த நிலையைச் சொல்ல 'பித்தி'யின் இறந்தகால வடிவங்களான 'பிலா', 'பியோ', 'பிலோ' வரும்: கடை மூடியிருந்தது என்பதற்குத் 'த்ர்கோவினா யே பிலா ஸத்வோரெனா'. 'ஸே' வகையின் இறந்தகாலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, ஒருமையில் 'யே' விழுந்துவிடும். நான்கு வருடம் பாலம் கட்டப்பட்டது என்பதை 'மோஸ்த் ஸே கிராதியோ செத்திரி கோதினே' என்பார்கள். 'ஸே' வாக்கியத்தின் தொடக்கத்தில் வராது, முதல் சொல்லுக்கோ சொற்கூட்டத்துக்கோ அடுத்து ஒட்டிக்கொள்ளும். இங்கே குரோவேஷியன் பேசப்படும்: 'ஒவ்த்யே ஸே கோவோரி ஹர்வாத்ஸ்கி'.

'ஸே' இன்னொரு வேலையும் செய்யும். சமையலறையில் தம்ளர் கீழே விழுந்தால் 'சாஷா ஸே ரஸ்பிலா' என்கிறோம். அது 'உடைக்கப்பட்டது' இல்லை, நம்முடைய 'உடைந்தது'. யாரும் உடைக்கவில்லை, தானாக நடந்தது. உடைந்தது, உடைத்தது என்று வினையையே மாற்றி நாம் காட்டும் வேறுபாட்டை அவர்கள் 'ஸே' போட்டும் எடுத்தும் காட்டுகிறார்கள். இதனால்தான் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது 'ஸே'யில் கவனமாக இருக்க வேண்டும். 'மார்க்கோ யே உபியென்' என்றால் மார்க்கோ கொல்லப்பட்டான். 'மார்க்கோ ஸே உபியோ' என்றால் தற்கொலை செய்துகொண்டான். ஆள் எழுவாயாக இருந்தால் 'ஸே' பெரும்பாலும் 'தன்னை' என்ற பொருளைத்தான் தரும். அங்கே எச்ச வகையே பாதுகாப்பு. செய்தித்தாள்களில் அது நிறையக் கிடைக்கும், தலைப்பில் 'யே'யைக்கூட விட்டுவிடுவார்கள். நம் பத்திரிகையின் 'கைது' போல அங்கே 'உஹிச்சென்'.

இனி உங்கள் ஆசிரியர் அடித்த இடத்துக்கு வருகிறேன். 'எங்கள் குழுவால்' என்ற 'ஆல்' தான் பிரச்சினை. குரோவேஷியனில் அதற்கு 'ஒத் ஸ்த்ரானே' என்ற தொடர் உண்டு. அரசு அறிக்கைகளிலும் ஒப்பந்தங்களிலும் பார்க்கலாம். ஆனால் மொழி ஆலோசகர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், சாதாரணப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. 'ஸே' வகையிலோ செய்தவருக்கு இடமே இல்லை. அங்கே 'ஒத்' போட்டால் அது செய்பொருளைத்தான் குறிக்கும்: 'கூச்சா ஸே கிராதி ஒத் காமெனா', வீடு கல்லால் கட்டப்படுகிறது. நம் 'ஆல்' கல்லுக்கும் கொத்தனாருக்கும் பொதுவாக இருப்பதால் நாம் சுலபமாக ஏமாறுகிறோம். ஒன்றை இன்னொன்றால் மாற்றுவது போன்ற இடங்களில் மூன்றாம் வேற்றுமை போல ஒரு உருபு வரும். 2023 ஜனவரி 1 அன்று குனா என்ற பழைய நாணயம் போய் யூரோ வந்ததை 'கூனா யே ஸமியெஞெனா எவுரோம்' என்பார்கள். அந்த '-ஓம்' சரியானது. ஆனால் செயலைச் செய்த மனிதரைக் குறிக்க அது ஆகாது.

செய்தவரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால்? செய்வினையில் சொல்லிவிட்டு, செயப்படுபொருளை முன்னால் கொண்டுவருகிறார்கள். 'மார்க்கா யே உக்ரிஸாவோ பாஸ்': மார்க்கோவை நாய் கடித்தது. 'மார்க்கோ' என்பது 'மார்க்கா' ஆனதுமே அவன் கடிபட்டவன் என்று தெரிந்துவிடுகிறது. நம்முடைய 'ஐ' செய்கிற அதே வேலை. "நாயால் மார்க்கோ கடிக்கப்பட்டான்" என்று நாம் வீட்டில் பேசுவோமா? ஆங்கிலத்தில் சொல் வரிசையை மாற்றினால் கடித்தவன் மாறிவிடுவான், அதனால் அவர்களுக்குச் செயப்பாட்டு அடிக்கடி தேவைப்படுகிறது. வேற்றுமை உருபு உள்ள நமக்கும் குரோவேஷியருக்கும் அந்த நெருக்கடி இல்லை. ஆங்கிலப் புத்தகம் வழியாகப் படிக்கும்போது, நம்மிடம் இல்லாத ஒரு தேவையைச் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். என் கருத்தில் உங்கள் சிக்கலின் வேர் இதுதான்.

பாலத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் ஸ்ப்லித்திலிருந்து துப்ரோவ்னிக்குக்குப் பஸ்ஸில் போனால் வழியில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும், இரண்டு இடத்தில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 2404 மீட்டர் நீளமுள்ள பெல்யெஷாத்ஸ் பாலம் 2022 ஜூலை 26 அன்று திறக்கப்பட்ட பிறகு அந்தத் தொல்லை போயிற்று. திறந்ததைச் சொல்லும்போது 'மோஸ்த் யே ஒத்வோரென்', யார் திறந்தார் என்பது முக்கியமில்லை, செயப்பாட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. கட்டியது சீன நிறுவனம் என்று சொல்லவேண்டுமானால் 'மோஸ்த் யே ஸகிரதிலா கினெஸ்கா த்வர்த்கா'. இங்கே 'மோஸ்த்' எழுவாயாக இருந்தாலும் செயப்படுபொருளாக இருந்தாலும் ஒரே வடிவம்தான். ஆனால் வினை 'ஸகிரதிலா' என்று பெண்பாலில் நிற்கிறது, பாலம் ஆண்பால், நிறுவனம் பெண்பால். கட்டியது யார் என்பதை வினையின் ஈறே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

செய்தவர் தெரியாதபோதும் அவர்கள் செயப்பாட்டுக்கு ஓடுவதில்லை. 'உக்ராலி ஸு மி பித்ஸிக்ல்' என்பார்கள், "என் சைக்கிளைத் திருடிட்டாங்க". 'காஜு' என்றால் "சொல்றாங்க". யார் என்று கேட்கத் தேவையில்லாத, நம்முடைய அதே 'ஆங்க'. அப்புறம் வழி கேட்கும்போது 'காக்கோ ஸே இதே தோ கோலோத்வோரா?', "ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?" என்று நாம் ஆள் சொல்லாமல் கேட்பதற்கு அப்படியே இணை. 'ஒவ்த்யே ஸே நே பூஷி', இங்கே புகைபிடிக்கக் கூடாது. இரவு வேலை முடிந்து நான் அதிகம் சொல்லும் வாக்கியம் 'ஸ்பாவா மி ஸே', எனக்குத் தூக்கம் வருது. 'மி' என்றால் எனக்கு. நான்காம் வேற்றுமையிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஆங்கிலத்தில் இதை விளக்க எவ்வளவு சுற்ற வேண்டும்!

பேச்சில் 'ஸே'யோடு இரண்டாம் வேற்றுமையைப் போடுவதையும் கேட்பீர்கள், 'கிலேதா ஸே தெலெவிஸியு' என்கிற மாதிரி. தேர்வில் அப்படி எழுதாதீர்கள், எழுத்து மொழியில் எழுவாய் வடிவம்தான் ஏற்கப்படும்: 'கிலேதா ஸே தெலெவிஸியா'.

சரி, உங்கள் வாக்கியம். நீங்கள் எழுதியது இப்படி இருந்திருக்கும்: 'ஓவா யே அப்லிகாத்ஸியா இஸ்ராஜெனா ஒத் ஸ்த்ரானே நாஷெக் தீமா'. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அரசாணை வாடை அடிக்கிறது. "இந்தச் செயலியை எங்கள் குழு உருவாக்கியது" என்று முதலில் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு செயலியை முதலில் வைத்து, 'யே'யை இரண்டாவது இடத்திலும் 'எங்கள் குழு'வை வினைக்குப் பின்னால் கடைசியிலும் வைத்து எழுதுங்கள்: 'ஓவு யே அப்லிகாத்ஸியு இஸ்ராதியோ நாஷ் தீம்'. அந்த இரண்டு உகரமும்தான் உங்கள் 'ஐ'.