அந்த நட்சத்திரம் ஆப்பிளுக்குள்ளும் இருக்கிறது

கேள்வி: இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறேன். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழி ‘விக்கா’ என்ற இயற்கை வழிபாட்டு மதத்தைப் பின்பற்றுபவள். செப்டம்பரில் ‘மேபன்’ கொண்டாட்டத்துக்குக் கூப்பிடுகிறாள். அவள் பூஜை மேஜையில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. ‘சூனியம், போகாதே’ என்கிறார் அம்மா. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மேபன் என்பது பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாளில் வரும் அறுவடைப் பண்டிகை. அங்கே பெரும்பாலும் செப்டம்பர் 22 அல்லது 23-இல் வரும். விளைந்ததற்கு நன்றி சொல்லி, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் அன்றைய முக்கிய வேலை. ஆகஸ்ட் 1-இல் தானிய அறுவடை, இப்போது பழ அறுவடை, அக்டோபர் கடைசியில் மூன்றாவது என்று அவர்கள் கணக்கு.

விக்கா பழங்காலத்து மதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் 1950-களில் பரப்பிய வழி அது. ‘மேபன்’ என்ற பெயரோ வேல்ஸ் நாட்டுப் பழங்கதை நாயகனுடையது. அதை 1970-களில் இந்தப் பண்டிகைக்குச் சூட்டியவர் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர். சாத்தான் அவர்கள் நம்பிக்கையிலேயே கிடையாது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது அவர்கள் பெரிதாக மதிக்கும் விதி.

அந்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஓர் ஆப்பிளைக் காம்பிலிருந்து கீழாக வெட்டாமல், படுக்கவைத்துக் குறுக்கே வெட்டுங்கள். விதை இருக்கும் ஐந்து அறைகளும் சேர்ந்து அச்சாக ஒரு நட்சத்திரமாகத் தெரியும். அன்றைக்குப் பலர் இப்படித்தான் ஆப்பிளை வெட்டிப் படைப்பார்கள். வீடியோ காலில் அம்மா பார்க்க ஒன்றை வெட்டிக் காட்டுங்கள். நூறு விளக்கம் சொல்வதைவிட அது அவர் மனதை இளக்கும் என்று நம்புகிறேன்.

சடங்கில் வட்டமாக நிற்பார்கள், தெய்வங்களை அழைப்பார்கள். அதில் சேர மனமில்லையென்றால், சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறேன் என்று தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் நெளிவதுதான் சங்கடம். ஒயின் சுற்றி வரலாம். பழக்கமில்லையென்றால் ஆப்பிள் ஜூஸ் போதும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். அது அங்கே பூசணி விளையும் காலம், ஒரு கூட்டு வைத்து எடுத்துப் போங்கள். இந்த வருடம் உனக்கு என்ன விளைந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்பதுண்டு. உங்கள் முறை வந்தால் தயங்காமல் தமிழிலேயே சொல்லுங்கள். அப்புறம் தோழிக்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம்.