நாற்பதாயிரத்துப் பழசா, ஒன்றரை லட்சத்துப் புதுசா?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் புல் வெட்டும் குத்தகை வேலை செய்கிறேன். மூன்று தாமான் (குடியிருப்புப் பகுதி), ஒரு தொழிற்சாலை. இதுவரை பழைய வேனில்தான் மெஷின்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிப் போனேன். அது இனித் தாங்காது. தெலுக் கும்பாரில் ஒருவர் 2012ஆம் ஆண்டு ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை 42,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். 2.5 டீசல், மேனுவல் கியர், 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. கையில் 45,000 இருக்கிறது. மகனோ, “பழச வாங்கி வொர்க்‌ஷாப்புக்கு அழுவதற்குப் புதுசையே லோனில் எடுத்துவிடலாம்ப்பா, வாரண்டி இருக்கு” என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: பழசை வாங்குங்கள் ஐயா. ஆனால் இந்தப் பழசையா என்பதைக் காடியின் அடியில் படுத்துப் பார்த்த பிறகு சொல்லலாம். அதையும் 42,000 கொடுத்து வாங்காதீர்கள்.

முதலில் மகனின் கணக்கு. இன்று இரட்டைக் கதவுப் புதுப் பிக்கப் ஒன்றைக் கொஞ்சம் வசதியோடு கேட்டால் விலை ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறது. குறைந்த ரகமாகப் பார்த்து 130,000 என்றே வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம் போக 117,000 கடன். முழுக் கடனுக்கும் கணக்கிடும் நிலையான வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு, 9 ஆண்டு என்றால் வட்டி மட்டும் 31,590. மாதத் தவணை சுமார் 1,376 வெள்ளி. மழைக்காலத்தில் வேலை நின்றாலும், தாமான் நிர்வாகம் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றினாலும் அந்த 1,376 நிற்காது. புல் வெட்டும் தொழிலில் ஒன்பது ஆண்டுக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடும் தைரியம் எனக்கு இல்லை.

வாரண்டி பற்றி மகன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் வேலையில் காடிக்கு என்ன ஆகும்? கிளட்ச் தேயும், பிரேக் தேயும், பின்பக்க ஸ்பிரிங் பட்டை உட்காரும், டயர் வெட்டுப்படும். பாரம் ஏற்றும் காடியில் காசைத் தின்பவை இவைதான். தேய்மானம் என்று சொல்லி வாரண்டி இவற்றையெல்லாம் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்.

இப்போது தெலுக் கும்பார்க் காடி. விற்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அது கடலோர ஊர். மீன் பெட்டி ஏற்றிய காடியாக இருந்தால் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் ஒழுகியிருக்கும். பிக்கப்பின் உயிர் சேசிஸில் இருக்கிறது. எஞ்சின் போனால் ஹாஃப்-கட் கடையில் (பழைய காடிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) இன்னொன்று வாங்கிப் பூட்டி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) எஞ்சின் எண்ணை மாற்றிப் பதிந்துகொள்ளலாம். சேசிஸ் அரித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வெல்டிங் வைத்து ஒப்பேற்றினதை நம்பி உர மூட்டை ஏற்றக் கூடாது.

டார்ச் லைட்டும் சின்னச் சுத்தியலும் எடுத்துப் போங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் இடங்கள், பெட்டிக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்கள், டீசல் டாங்கியைச் சுற்றிய பகுதி, இவற்றை மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது. ‘பொத்’ என்று சத்தம் செத்துப்போனாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மேலே சாயம் மங்கிய காடிக்கு அடியில் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்பு மை பூசியிருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். யாரும் சும்மா காசு செலவழித்து அடிப்பகுதிக்கு மை பூசுவதில்லை.

அப்புறம் வெள்ளம். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் ஆயிரக்கணக்கான காடிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது போய் ஒளிந்துகொள்ள இடமில்லை. சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண், ஏர்கானைப் போட்டதும் புழுங்கல் வாடை, இவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

எஞ்சின் விஷயம். காலையில், ஆறிய எஞ்சினாக இருக்கும்போது போங்கள். “நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைக்கிறேன்” என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறிய எஞ்சின் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனாலோ, வெள்ளைப் புகை அடங்காமல் வந்தாலோ, ‘கட கட’ என்று கடினமாகத் தட்டினாலோ டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் இஞ்செக்டரைச் சந்தேகப்படலாம். நான்கையும் மாற்றினால் சில ஆயிரம் வெள்ளி போகும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வருவது சகஜம். குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

அந்த 2.5 எஞ்சினில் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட். 150,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. 240,000 ஓடியிருக்கிறது என்றால் ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, ஒரு பெல்ட்டின் விலை பாதி எஞ்சின் விலையாகிவிடும். (அதே காலத்து டிரைட்டன் பிக்கப்பின் 2.5 எஞ்சினிலும் பெல்ட்தான். டி-மேக்ஸில் சங்கிலி. வேறு காடி பார்க்கப் போனால் இது உதவும்.)

ஓட்டிப் பார்ப்பதற்குச் சமதரை போதாது. தெலுக் கும்பாரிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. 50 கிலோ மூட்டை நான்கைந்தைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். மூன்றாவது கியரில் எஞ்சின் சத்தம் கூடி, காடி மட்டும் வேகமெடுக்காமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. மிதித்தால் கறுப்புப் புகை கக்கி இழுவை இல்லாமல் இருந்தால் டர்போவையோ குழாயையோ பார்க்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கும் தெரிந்துவிடும். நான்கு சக்கர இழுவை உள்ளதென்றால் மண் தரையில் 4எச், 4எல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் அதுவும் இறுகிப்போகும்.

காகித வேலையில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். ஹைலக்ஸ் நம் நாட்டில் அதிகம் களவு போகும் காடிகளில் ஒன்று. களவு போனதற்கு வேறு காடியின் எண்ணைப் பொருத்தி விற்கும் வேலையும் நடக்கிறது. கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) உள்ள சேசிஸ் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். எண்ணைச் சுற்றி உரசிய தடம் இருக்கக் கூடாது. வங்கிக் கடன் பாக்கி, சம்மன் பாக்கி, ஜேபிஜே தடை ஆகியவற்றை முன்பே விசாரியுங்கள். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் பி5 சோதனை செய்ய வேண்டும். அது முடிந்து பெயர் மாறும் நாளில்தான் முழுப் பணம், அதுவரை சிறிய முன்பணம் மட்டும். பி5 தேறிவிட்டது என்பதற்காகக் காடி நல்ல காடி என்று நினைத்துவிட வேண்டாம். எண்களும் அடிப்படைப் பாதுகாப்பும் சரியா என்று அங்கே பார்ப்பார்கள். உங்கள் டைமிங் பெல்ட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. காடி எந்தப் பயன்பாட்டுக்குப் பதிவாகியிருக்கிறது என்பதையும் கிராண்டில் கவனியுங்கள். வணிக வாகனமாகப் பதிவானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை நிலைய வாசலில் நிற்க வேண்டிவரும்.

விலைக்கு வருவோம். 45,000 வைத்துக்கொண்டு 42,000 கொடுத்தால் மீதி 3,000. அதிலேயே காப்புறுதி, சாலை வரி எல்லாம். முதல் மாதமே பெல்ட், எல்லா ஆயில்களும், கூலன்ட், ஃபில்டர், அநேகமாக டயரும் மாற்ற வேண்டியிருக்கும். எனவே 37,000, மிஞ்சினால் 38,000க்குள் முடியுங்கள். 7,000 வெள்ளியைத் தனியாக வையுங்கள். பழைய காடியின் உண்மையான விலை அந்த 7,000ஐயும் சேர்த்ததுதான். விற்பவர் இறங்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், ஹைலக்ஸுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை.

காப்புறுதியில் ஒரு சங்கதி. விபத்தில் சேதமாகி, பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் பொருத்தினால், அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பங்கை உங்களிடம் வாங்குவார்கள். ஐந்தாண்டுக் காடிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்தாண்டு ஆனதும் 40 விழுக்காடு வரை போகும். இதை ஈடுகட்டக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்று முகவரிடம் கேட்டு வையுங்கள்.

டீசல் செலவில் புதுசும் பழசும் பெரிதாக வேறுபடாது. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று மானியம் நீங்கி லிட்டர் 2.15இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது இரண்டுக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது. அப்போது அறிவித்த புடி மடானி என்ற டீசல் உதவித்தொகைத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 100,000 வெள்ளிக்குள் இருக்கும் தனிநபர் டீசல் வாகன உரிமையாளருக்கு மாதம் 200 வெள்ளி என்று வைத்தார்கள். காடி உங்கள் பெயரில், சாலை வரி நடப்பில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் இப்போதைய நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் பக்கம் ஒரு விஷயத்தில் நான் நிற்கிறேன். பாதுகாப்பு. வெறும் பெட்டியோடு ஈரச் சாலையில் ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் எளிதில் வழுக்கும். புதிய காடிகளில் அதைப் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய ரகங்கள் பலவற்றில் இல்லை. ஓட்டப்போவது மகன் என்றால், இன்னும் கொஞ்ச நாள் வேனைச் சமாளித்து, ஆறேழு வருடமே பழசான காடியைச் சின்னக் கடனில் வாங்குவதும் நல்ல வழிதான். எதை வாங்கினாலும், அந்தக் காலத்து ஜப்பானியக் காடிகள் பலவும் டக்காட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பையை மாற்றுவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் விசாரியுங்கள். மாற்றித் தருவது இலவசம்.

கேள்வி: செந்தூலில் இருக்கிறேன். பழைய காடி விற்கும் கடையில் என் கணவர் டிரைட்டன் ஒன்றை 28,000 வெள்ளிக்கு வாங்கினார், குடும்பத்துக்கும் மீன்பிடிக்கப் போகவும். இரண்டே வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. செலவு 6,500 என்கிறார்கள். “உள்ளபடி வாங்கினீர்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்று கடை தௌக்கே கையை விரிக்கிறார். ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும் அம்மா. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். அதைக் கையெழுத்து வாங்கி ரத்துசெய்ய முடியாது. பழைய காடியிடம் புதுக் காடியின் தரத்தை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் 28,000 கொடுத்த காடியின் கியர்பாக்ஸ் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை என்பது கேட்கக்கூடிய வழக்கு. கியர்பாக்ஸ் பழுது என்று வாங்கும் முன்பே குறிப்பாகச் சொல்லியிருந்தால் மட்டும் நிலைமை வேறு.

அவசரப்பட்டு வேறு பட்டறையில் பிரித்துவிடாதீர்கள். சரிசெய்து தர விற்றவருக்கு முதலில் ஒரு வாய்ப்புத் தர வேண்டும். தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் பரவாயில்லை. பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். மூன்றாண்டுக்குள் போட வேண்டும். ரசீது, விளம்பரத்தின் படம், மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை மூன்றையும் சேர்த்து வையுங்கள். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கடைக்காரர்களுக்கு இது தெரியும், அதனால் பலர் விசாரணைக்கு முன்பே இறங்கி வருவார்கள்.

கடையில் வாங்கியதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. புக்கிட் மெர்தாஜாம் ஐயா சுத்தியலோடு போக வேண்டியதும் அதனால்தான்.

கேள்வி: மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நிபோங் தெபால் வாசகர்)

பதில்: மீட்டரை விட்டுவிட்டு மிதியைப் பாருங்கள். 90,000 என்று காட்டும் காடியில் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் மினுங்கி, ஓட்டுநர் சீட்டின் ஓரம் இடிந்துபோயிருந்தால் கணக்கு உதைக்கிறது. கண்ணாடியிலோ கதவுச் சட்டத்திலோ பழைய ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதில் உள்ள கிலோமீட்டரைப் படியுங்கள். மீட்டரைத் திருத்துகிறவர்கள் அதைக் கிழிக்க மறந்துவிடுவது உண்டு. நிறுவனப் பட்டறையில் சர்வீஸ் செய்த காடி என்றால், உரிமையாளரையே உடன் அழைத்துப் போய் அங்கே பதிவைக் கேட்கச் சொல்லுங்கள். வர மறுத்தால் அடுத்த காடியைப் பாருங்கள்.